குரல் கொடுத்தவர்கள்: பின்லாந்தின் மேடை நடிகைகளும் தேச அடையாளமும்

1869 மே 10 அன்று ஹெல்சிங்கியில், ஸ்வீடிஷ் மொழி நாடகங்கள் நடந்துவந்த அரங்கில், ‘லேயா’ என்ற ஓரங்க நாடகம் மேடையேறியது. எழுதியவர் அலெக்சிஸ் கிவி, கிராமத்துத் தையற்காரர் ஒருவரின் மகன். கதை நடப்பது விவிலியத்தின் எரிகோ நகரில். நாயகி லேயா, வரி வசூலிக்கும் சகேயுவின் மகள். அந்த வேடத்தில் நடித்த ஷார்லோட் ரா ஸ்டாக்ஹோமில் பிறந்த ஸ்வீடன் நாட்டு நடிகை. பின்னிஷ் அவருடைய மொழி அல்ல. இந்த வேடத்துக்காகவே அதன் வசனங்களைக் கற்று ஒப்புவித்தார். கதை அந்நிய மண்ணுடையது, நாயகி யூதப் பெண், நடிகை அயல்நாட்டவர், கட்டடம் வேற்றுமொழிக்காரர்களுடையது. இருந்தும் பின்லாந்து மக்கள் தங்கள் மொழி நாடகத்தின் பிறந்தநாளாக இந்த நாளைத்தான் சொல்கிறார்கள். ஒரு தேசம் தன் கலையின் தொடக்கத்தை ஓர் அயல்நாட்டுப் பெண்ணின் உச்சரிப்பில் கண்டது ஏன் என்று கேட்டால், அங்கே நடிகை எப்படித் தேசத்தின் சின்னமானார் என்பதும் விளங்கிவிடும். அவரது முகமோ அழகோ பிறப்போ அதற்குக் காரணமில்லை. மதிப்புக்குரிய சபையில் அதுவரை யாரும் கேட்டிராத ஒரு மொழியை அவர் உரக்கப் பேசினார். குரலால் கிடைத்த இடம் என்பதால்தான், பின்னாளில் அந்தச் சின்னம் தன்னை உருவாக்கியவர்களையே எதிர்த்துக் கேள்வி கேட்கவும் முடிந்தது.

ஆறு நூற்றாண்டுகளுக்கு மேல் பின்லாந்து ஸ்வீடன் அரசின் ஒரு பகுதியாக இருந்தது. 1809-இல் ரஷ்யப் பேரரசரின் கைக்குப் போய், தன்னாட்சி கொண்ட பெருங்கோமகப் பகுதியானது. ஆட்சி மாறியதே தவிர, அலுவலக மொழி மாறவில்லை. நீதிமன்றம், பல்கலைக்கழகம், வணிகம், விருந்து மேசை எல்லாம் ஸ்வீடிஷில்தான் நடந்தன. பெரும்பான்மை மக்களின் பின்னிஷ் வயலிலும் அடுப்பங்கரையிலும் தேவாலயப் பிரசங்கத்திலும் ஒலித்தது. 1835-இல் எலியாஸ் லொன்ரூத் நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்துக் கலேவலாவை வெளியிட்டபோது, இந்த மொழிக்கும் ஒரு பெருங்காப்பியம் உண்டு என்று படித்தவர்கள் வியந்தார்கள். (இலங்கைத் தமிழரான உதயணனின் மொழிபெயர்ப்பால் அந்தக் காப்பியம் தமிழ் வாசகர்களுக்கும் அறிமுகமானதே.) ஆனால் காப்பியம் ஏட்டில் இருந்தது, அவ்வளவுதான். 1850-இல் வந்த தணிக்கை ஆணை, சமயம், பொருளாதாரம் ஆகிய இரண்டைத் தவிர வேறெதையும் பின்னிஷில் அச்சிடக் கூடாது என்றது. அது விலக்கப்பட்டது 1860-இல். 1863-இல் இரண்டாம் அலெக்சாண்டரின் மொழி ஆணை, இருபது ஆண்டுகளுக்குள் பின்னிஷ் அலுவலக மொழியாகச் சம உரிமை பெறும் என்று உறுதி தந்தது. சட்டம் வழிவிட்டது. ஆனால் மூடுகாலணி அணிந்த கனவான்களும் கையுறை அணிந்த சீமாட்டிகளும் அமர்ந்திருக்கும் சபையில் காதலையும் துயரத்தையும் தத்துவத்தையும் இந்த மொழியால் பேச முடியுமா என்ற ஐயத்தைத் தீர்ப்பது ஆணையின் வேலை அல்ல. யாராவது எழுந்து பேசிக் காட்ட வேண்டியிருந்தது.

பேசுவது எளிய காரியமும் அல்ல. பின்னிஷில் ‘துலி’ என்றால் தீ; ‘தூலி’ என்றால் காற்று; ‘துல்லி’ என்றால் சுங்கம். குறில் நெடிலாவதும் நடுவே ஒற்று விழுவதும் பொருளையே மாற்றிவிடும். படி, பாடி, பட்டி என்று பேசிப் பழகிய தமிழருக்கு இதில் வியப்பில்லை. ஆனால் ஸ்வீடிஷ் பேசி வளர்ந்த நடிகைக்கு இது கண்ணிவெடி பதித்த பாதை. கொஞ்சம் பிசகினால் ‘காற்று வீசுகிறது’ என்பது ‘தீ வீசுகிறது’ என்றாகிவிடும். உருக்கமான காட்சியில் அரங்கம் சிரித்துவிட்டால், சிரிப்பு நடிகையோடு நிற்காது. இந்த மொழிக்கு மேடை எதற்கு என்று காத்திருந்தவர்களின் வாதமாகிவிடும். ஒவ்வோர் உயிரெழுத்தின் நீளத்திலும் ஒரு மொழியின் மானம் தொங்கிக்கொண்டிருந்தது. ஷார்லோட் ரா அந்தப் பாதையைக் கடந்தார் என்பதுதான் 1869-இன் சாதனை. அன்று கைதட்டியவர்கள் லேயாவுக்கு மட்டும் தட்டவில்லை. இந்த மொழி சபையேறி நின்றதற்கும் சேர்த்துத் தட்டினார்கள். பின்னாளில் இதே நடிகை, இப்சனின் ‘ஆவிகள்’ நாடகம் 1883-இல் ஐரோப்பாவில் முதன்முதலாக, ஸ்வீடன் நகரான ஹெல்சிங்போர்க்கில் மேடையேறியபோது திருமதி ஆல்விங்காக நடித்தார். பின்லாந்து தன் முதல் நாயகியாகக் கடன் வாங்கியவர் சாதாரண நடிகை அல்ல.

கடன் வாங்கிய குரலால் நெடுங்காலம் ஓட்ட முடியாது. ‘லேயா’வை மேடையேற்றிய கார்லோ பெர்க்பூமும் அவருடைய தமக்கை எமிலியும் 1872-இல் ‘பின்னிஷ் நாடக அரங்கு’ என்ற நிரந்தரக் குழுவைத் தொடங்கினார்கள். முதல் காட்சி அவ்வாண்டு அக்டோபர் 13 அன்று, மேற்குக் கடற்கரை ஊரான போரியில், ஓர் ஓட்டல் கூடத்தில் நடந்தது. ஹெல்சிங்கியில் தொடங்காமல் போனதற்குக் காரணம் உண்டு. அப்போது தலைநகரில் பெரும்பான்மையோர் ஸ்வீடிஷ் பேசினர். பின்னிஷ் நாடகத்துக்குப் பின்னிஷ் செவிகள் வேண்டும். அவை சிறு நகரங்களில் இருந்தன. ஆகவே குழு ஊர் ஊராகப் பயணம் போனது. கார்லோ நாடகங்களைத் தேர்ந்து இயக்கினார். கணக்கு, உடை, கடிதப் போக்குவரத்து, நடிகைகளின் நலமும் ஒழுக்கமும் என்று மற்றதையெல்லாம் எமிலி பார்த்துக்கொண்டார். நடிகை என்றாலே முகம் சுளித்த லூத்தரன் கிறிஸ்தவச் சமூகம் அது. அந்தச் சமூகத்திடம் நடிகைக்கு மரியாதை வாங்கித்தர எமிலியும் அவருடைய நண்பர்களும் கண்ட வழி, நடிப்பை ஊழியமாகக் காட்டுவது. பிழைப்புக்காக மேடையேறியவள் என்ற பெயர் போய், தாய்மொழிக்குத் தொண்டு செய்பவர் என்ற பெயர் வந்தது. இந்த மதிப்பு நடிகைக்குக் கவசமாக அமைந்தது. பின்னர் அதுவே விலங்காகவும் ஆனது.

1874-இல் பதினாறு வயதில் இந்தக் குழுவில் சேர்ந்த ஈதா ஆல்பெர்க்கோடு கதை திசை மாறுகிறது. 1857-இல் யனக்கலா வட்டாரத்தில் பிறந்தவர். தந்தை ரயில்பாதைப் பராமரிப்பின் மேற்பார்வையாளர். ஹெல்சிங்கியிலிருந்து ஹமென்லின்னா வரை 1862-இல் திறக்கப்பட்ட, நாட்டின் முதல் ரயில்பாதையின் ஓரத்தில் வளர்ந்த பெண். பெர்க்பூம் குடும்பம் போன்ற படித்தவர்கள் ஸ்வீடிஷில் வளர்ந்து, கொள்கையால் பின்னிஷைத் தழுவியவர்கள். குழுவின் மூத்த நடிகை அரோரா ஆஸ்பெக்ரேனும் ஸ்வீடிஷ் மேடையிலிருந்து வந்தவர்தான். ஈதாவுக்கோ பின்னிஷ் தாய்ப்பாலோடு வந்த மொழி. 1877-இல் ‘கிராமத்துப் போக்கிரி’ என்ற ஹங்கேரிய நாடகத்தில் போரிஸ்கா என்ற கிராமத்துப் பெண்ணாக நடித்துப் புகழ்பெற்றார். பின்னிஷுக்கு உறவுமொழியான ஹங்கேரியனிலிருந்து வந்த நாட்டுப்புறக் கதையில், பாட்டாளியின் மகள் ஒருத்தி பாட்டாளிகளின் மொழியில் நாயகியானார். பின்னிஷுக்கு உரிமை கேட்ட மொழி இயக்கம் ‘மக்கள்’, ‘மக்கள்’ என்று எழுதிக்கொண்டிருந்தது. அந்த மக்களில் ஒருவர் இப்போது மேடையில் நின்றார். அதன் பிறகு டிரெஸ்டனுக்குப் போய், பெயர்பெற்ற ஜெர்மன் நடிகை மாரி நீமன்-சீபாக்கிடம் பயிற்சி பெற்றுத் திரும்பினார்.

1880 பிப்ரவரியில் அவர் இப்சனின் நோராவாக மேடையேறினார். ‘பொம்மை வீடு’ கோபன்ஹேகனில் முதன்முதலாக நடிக்கப்பட்டு அப்போது சுமார் இரண்டு மாதமே ஆகியிருந்தது. ஏழு வயதுக் குழந்தையான ஒரு நாடக அரங்கு, ஐரோப்பாவே விவாதித்த நாடகத்தைப் பெரிய நாடுகள் பலவற்றுக்கு முன்பே தன் மொழியில் நடித்துவிட்டது. இரண்டாம் அங்கத்தின் முடிவில் நோரா டாரன்டெல்லா ஆடும் இடம் நடிகைக்குப் பெரும் சோதனை. கடிதப் பெட்டியில் தன் ரகசியத்தை உடைக்கப்போகும் கடிதம் கிடக்கிறது. கணவன் அதைத் திறக்காமல் தடுக்க, ஆட்டத்துக்குப் பயிற்சி தரும்படி அவனைப் பிடித்து நிறுத்துகிறாள். கணவன் ‘மெதுவாக’ என்கிறான், அவள் வேகத்தைக் கூட்டுகிறாள், கூந்தல் அவிழ்கிறது, அது நடனமா, மரண பயமா என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை. ஈதாவின் பெயரோடு இன்றுவரை சேர்த்துப் பேசப்படும் காட்சி இது. அவருடைய பெரிய வேடங்களைப் பட்டியலிட்டால் ஜூலியட், ஒஃபீலியா, மேரி ஸ்டூவர்ட், ஹெட்டா கேப்லர் என்று பெரும்பாலும் வேற்றுநாட்டுப் பெண்களாகவே வருவார்கள். அப்படியிருக்க அவரைப் பின்லாந்தின் அடையாளம் என்பது எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாட்டுப்புற உடை அணிந்து கலேவலாக் கன்னியாக நிற்பதுதான் அடையாளம் என்றால், அவரைவிடப் பொருத்தமானவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் நாட்டுப்புறக் கதையைச் சொல்ல பின்னிஷுக்குத் தெரியும் என்பதை அதற்குள் யாரும் மறுக்கவில்லை. ஷேக்ஸ்பியரையும் ஷில்லரையும் இப்சனையும் தாங்குமா என்பதே எஞ்சியிருந்த ஐயம். அதைத் தீர்த்தவை இந்த அயல் வேடங்கள்தாம். ஜூலியட் பின்னிஷில் அழுதபோது அழுகை இத்தாலியுடையதாகத் தோன்றவில்லை என்பதில் இருந்தது வெற்றி.

சொந்த நாடகங்களும் இந்த மேடையிலிருந்தே முளைத்தன. பின்னிஷ் குழு யுவாஸ்கூலாவுக்குப் பயணம் வந்தபோது அதன் நாடகங்களைப் பார்த்து எழுதத் தூண்டப்பட்டவர் மின்னா காந்த். கணவரை இழந்து, ஏழு குழந்தைகளோடு குவோபியோ நகருக்குப் போய், துணிக்கடை நடத்திக்கொண்டே நாடகம் எழுதிய பெண் அவர். 1885 ஜனவரியில் அவருடைய ‘தொழிலாளியின் மனைவி’ அரங்கேறியது. மனைவியின் பணம் கணவனுக்கே சொந்தம் என்ற சட்டத்தின் நிழலில், குடிகாரக் கணவன் ரிஸ்தோ மனைவி யொஹன்னாவின் சேமிப்பை அழிக்கிறான். அவனால் முன்பே ஏமாற்றப்பட்டவள் ஹொம்சன்து என்ற ரோமானி இனப்பெண். அந்த வேடத்தில் ஈதா நடித்தார். இறுதியில் அவள் ரிஸ்தோவை நோக்கிச் சுட முயன்று கைதாகிறாள். கொண்டுபோகப்படும்போது சட்டமும் நீதியும் யாருடையவை என்று அரங்கத்தை நோக்கிக் குற்றம் சாட்டுகிறாள். நான்கு ஆண்டுகளில், 1889-இல், மணமான பெண் தன் உழைப்பின் ஊதியத்தைத் தானே நிர்வகிக்கும் உரிமையைச் சட்டம் தந்தது. ஒரு நாடகத்தால் சட்டம் மாறியது என்று சொல்வது மிகை. பெண் உரிமைக்கான முயற்சிகள் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தன. ஆனால் அந்தக் குற்றச்சாட்டு தேசத்தின் செல்ல நடிகையின் வாயிலிருந்து வந்ததால், அதைக் கேட்காததுபோல் இருக்க அவையால் முடியவில்லை.

இதோடு ஒப்பிட வேண்டிய இன்னொரு பெண்ணுருவம் உண்டு. 1899-இல் ரஷ்யப் பேரரசர் பிப்ரவரிப் பிரகடனத்தின் வழியே பின்லாந்தின் தன்னாட்சியைச் சுருக்கினார். அதே ஆண்டில் எத்வர்த் ஈஸ்தோ ‘தாக்குதல்’ என்ற ஓவியத்தைத் தீட்டினார். புயல் இரைக்கும் கடற்கரையில் வெண்ணிற உடை அணிந்த கன்னி ஒருத்தி. அவள் கையில் சட்டப் புத்தகம். அதைப் பறிக்கப் பாயும் ரஷ்யாவின் இருதலைக் கழுகு. பிரதிகள் ரகசியமாகப் பரவி வீடுகளில் மாட்டப்பட்டன. ‘பின்லாந்துக் கன்னி’ என்ற இந்த உருவமும் தேசத்தின் சின்னம்தான்; மக்களை ஒன்றாக்கியதில் அதன் பங்கை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஓவியக் கன்னி சட்டத்தை மார்போடு அணைத்துக்கொள்கிறாள். அந்தச் சட்டம் யாருக்கு என்ன செய்தது என்று அவள் கேட்பதில்லை. ஹொம்சன்துவாக நின்ற நடிகை பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே அதைக் கேட்டுவிட்டார். நாட்டுக்கு வெளியிலிருந்து வரும் ஆபத்தை ஓவியம் காட்டியது. நாட்டுக்குள்ளேயே இருந்த அநீதியை மேடை காட்டியது. தேசம் என்பதற்கு இரண்டும் தேவைப்பட்டன. ஆனால் பெண்ணைச் சின்னமாக்கி ஊமையாக உட்காரவைக்கும் வழக்கத்தை மீறியது மேடைதான்.

நடிகையும் பிறர் இயக்கிய கருவிதானே என்ற மறுப்பு வலுவானது. நாடகத்தைத் தேர்ந்தவர் கார்லோ பெர்க்பூம். விமர்சனம் எழுதியவர்கள் மொழி இயக்கத்தின் ஆண்கள். காந்தின் ‘கொடுவிதியின் பிள்ளைகள்’ நாடகம் 1888-இல் முதல் காட்சியோடு அரங்க நிர்வாகத்தாலேயே நிறுத்தப்பட்டது. எவ்வளவு தூரம் பேசலாம் என்ற எல்லையைப் போட்டவர்கள் வேறு ஆட்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஈதாவின் வாழ்க்கையிலும் இந்த இழுபறி தெரிகிறது. 1887-இல் அவர் மணந்த லௌரி கிவெகாஸ் மொழி இயக்கத்தின் தீவிரத் தலைவர். ஸ்டென்பெக் என்ற ஸ்வீடிஷ் குடும்பப் பெயரைத் துறந்து பின்னிஷ் பெயர் சூடியவர். தேசத்தின் நடிகைக்குத் தேசத்தின் தலைவர் என்று பொருத்தம் பார்த்தவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். 1893-இல் கிவெகாஸ் இறந்த மறு ஆண்டே ஈதா, பால்டிக் ஜெர்மன் பிரபுவான அலெக்சாண்டர் உக்ஸ்குல்-கில்லென்பாண்டை மணந்தார். பிறகு அவர் வாழ்ந்த வீடு பேரரசரின் தலைநகரான பீட்டர்ஸ்பர்க்கில். ஹெல்சிங்கிக்கு விருந்தினர் நடிகையாக வந்தார்; ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் ஜெர்மனியிலும் வேறு மொழிகளில் நடித்தார். கருவி என்றால் இயக்குபவர் கையைவிட்டு நகராது. இவரோ நகர்ந்துகொண்டே இருந்தார். ஒரு சிறு மொழியின் அரங்கு தரக்கூடிய வேடங்களும் வருமானமும் போதாத திறமைசாலி, வெளியே போய்த் தன்னை அளந்து பார்க்க விரும்பினால் அது துரோகம் ஆகாது. அதே குழுவின் இசைநாடகப் பிரிவில் பாடிய எம்மி அக்தேயின் மகள் ஐனோ அக்தே 1897-இல் பாரிஸ் ஓபராவில் அறிமுகமானதும், 1912-இல் தாய்நாட்டில் ஓலவின்லின்னா கோட்டையில் இசைநாடக விழாவைத் தொடங்கியதும் இதே பாதையின் அடுத்த கட்டம். வெளியே பெற்ற மதிப்பை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

இதைவிடக் கடினமான கேள்வி, இது எந்தத் தேசத்தின் அடையாளம் என்பது. ஸ்வீடிஷ் பேசியவர்களும் பின்லாந்தின் மக்களே. அவர்களுக்குத் தனி அரங்கம் இருந்தது, தனி நடிகைகளும் இருந்தார்கள். தொழிலாளர்கள் தங்களுக்கென்று மேடைகளை அமைத்துக்கொண்டார்கள். தம்பேரே தொழிலாளர் அரங்கு 1901-இல் தோன்றியது. ஹொம்சன்துவின் குற்றச்சாட்டை ரோமானிப் பெண் எவரும் மேடையேறிச் சொல்லவில்லை. அவர்களுடைய வாழ்க்கை இன்னொருவர் வேடமாக இருந்தது. ஆகவே ஒரு நடிகை முழுத் தேசத்துக்கும் குரல் கொடுத்தார் என்பது பொய்யாகும். பின்னிஷ் மேடை செய்தது வேறொன்று. இந்த மொழியில் பேசினால் சபை கேட்கும் என்ற நம்பிக்கையை அது நிறுவியது. பிறகு அந்த நம்பிக்கையை எடுத்துக்கொண்டவர்கள் தங்களுக்கு வேண்டியதைப் பேசினார்கள். தொழிலாளர் அரங்குகள் மூத்த அரங்கோடு முரண்பட்டபோதும் முரண்பட்டது பின்னிஷில்தான். 1906-இல் ஐரோப்பாவிலேயே முதலாவதாகப் பின்லாந்துப் பெண்கள் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை பெற்றார்கள். மறு ஆண்டில் 200 உறுப்பினர்களில் 19 பேர் பெண்கள். அதற்குக் காரணம் பொது வேலைநிறுத்தமும் பெண்கள் இயக்கமும் தொழிலாளர் இயக்கமும்தான். ஆனால் நிறைந்த அவையில் ஒரு பெண் எழுந்து நின்று நெடுநேரம் பேச, ஆண்கள் அமைதியாகக் கேட்டிருக்கும் காட்சி அந்த நாட்டுக்கு அன்று புதிதாக இருக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாலைதோறும் பழகிய காட்சி அது.

பிரான்சுக்கு சாரா பெர்ன்ஹார்ட் இல்லையா, எல்லா நாடும் தன் நடிகையைக் கொண்டாடத்தானே செய்கிறது என்றும் கேட்கலாம். கொண்டாட்டம் பொதுவானது, வரிசைதான் வேறு. பிரெஞ்சு நடிகை வருவதற்கு முன்பே அரசும் அகாதமியும் மொழியின் பெருமையும் நிலைபெற்றிருந்தன. அவர் அந்தப் பெருமைக்கு மகுடம் வைத்தார். பின்லாந்தில் அரசுக்கு முன்பே அரங்கு வந்தது. மர அரங்கமான ஆர்காதியாவில் நெடுங்காலம் குடியிருந்த குழு, 1902 ஏப்ரலில், லொன்ரூத்தின் நூற்றாண்டுப் பிறந்தநாளில், ஹெல்சிங்கி ரயில் நிலையச் சதுக்கத்தில் ஒன்னி தார்யன்னே வடிவமைத்த கருங்கல் மாளிகைக்குள் குடியேறியபோது ‘பின்லாந்துத் தேசிய அரங்கு’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. தேசிய அரங்கு என்று சொல்லிக்கொள்ள அப்போது சுதந்திரத் தேசம் இல்லை. அதற்கு இன்னும் பதினைந்து ஆண்டுகள் இருந்தன.

அந்தச் சுதந்திரத்தை ஈதா ஆல்பெர்க் பார்க்கவில்லை. 1915 ஜனவரியில் பீட்டர்ஸ்பர்க்கில் இறந்தார். உடல் ஹெல்சிங்கிக்குக் கொண்டுவரப்பட்டு ஹியெதனியெமி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. பேரரசின் தலைநகரில் வாழ்ந்த ஜெர்மன் பிரபுவின் மனைவியை அந்த நகரம் தன் பெண்ணாகவே வாங்கிக்கொண்டது. எரிகோவின் லேயாவையும் நார்வேயின் நோராவையும் தன்னவர்களாக ஏற்றுக்கொண்ட மக்களுக்கு அது கடினமாக இருந்திருக்காது. இன்று தேசிய அரங்கின் முன்னால் அலெக்சிஸ் கிவி வெண்கலத்தில் தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கிறார். எழுதியவருக்குச் சிலை பொருந்தும். அவருடைய சொல் அச்சில் நிற்கிறது. அந்தச் சொல்லை முதன்முதலில் சபையில் ஒலிக்கச் செய்தவர்கள் விட்டுப்போனது, மாலைதோறும் அந்த மாளிகைக்குள் யாரும் கூசாமல் பேசும் மொழி. ‘துலி’ என்று அங்கே ஒரு நடிகை சொன்னால் தீ என்றே அரங்கம் கேட்கிறது. ஒரு காலத்தில் அந்தச் சின்ன உயிரெழுத்து எவ்வளவு பெரிய பாரத்தைத் தாங்கியது என்று நினைத்துப் பார்க்க வேண்டிய தேவைகூட இன்று அங்கே யாருக்கும் இல்லை. அந்தத் தேவையை இல்லாமல் செய்தவர்களைத்தான் தேசத்தின் அடையாளம் என்கிறோம்.